பறக்கும் தட்டும் சிறு நன்கொடையும்

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கனை எண்ணுமிடத்துச் செல்வத்தையும் விளையாட்டையும் ஒரே வரிசையில் வைத்துள்ளார். இவ்விரண்டும் ஒருங்கு நிற்பதன் பொருத்தம் யாதென வகுப்பில் ஒருநாள் வினா எழுந்தபோது, "செல்வமுடையார்க்கன்றோ விளையாட நேரமுண்டு!" என்று பின்வரிசையிலிருந்த நண்பர் ஒருவர் விடை பகர்ந்தார், ஆசிரியரும் நகைத்தார். அந்நகையோடு அச்சொல் என் உள்ளத்தினின்று நீங்கிற்றிலது. ஓராண்டு கழித்துப் பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் நின்றபோது அது மீண்டும் நினைவிற்கு வந்தது. செல்வம் சிறிதளவே விளையாட்டோடு வந்து கூடுமிடத்து நிகழ்வது யாது என்பதே ஈண்டு ஆராயக் கருதிய பொருள். விளையாட்டு, அல்டிமேட் எனப்படும் பறக்கும் தட்டாட்டம். செல்வம், அவ்வாட்டத்தை எளிய குடியிருப்புச் சிறாரிடம் கொண்டு செல்வதற்கென அளிக்கப்படும் சிறு நன்கொடை.

இவ்வாட்டத்தை அறியாதார்க்கு முதற்கண் சில கூறுதல் வேண்டும். ஆடுகருவி 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றே. (வட்டு என்னும் பழஞ்சொல் இதற்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து, ஆயின் ஆடும் பிள்ளைகள் 'டிஸ்க்' என்றே வழங்குகின்றனர். அவர்களோடு வழக்காட யான் துணிந்திலேன்.) புல்தரையில் ஆடுங்கால் களம் 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் உடையது, அணிக்கு எழுவர் ஆடுவர். கடற்கரை மணலில் களமும் சுருங்கும். அணிக்கு ஐவரே ஆடுவர். களத்தின் இரு கடையிலும் ஒவ்வோர் எல்லைக் கட்டம் உண்டு. எதிரணியார் காக்கும் கட்டத்துள் நின்று தன் அணியார் எறிந்த தட்டைப் பற்றுவோன் ஒரு புள்ளி பெறுவான். தட்டைக் கையிற் கொண்டவன் ஓடலாகாது; ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி, பத்து எண்ணுதற்குள் பிறர்க்கு எறிதல் வேண்டும். அப்பத்தையும் உரக்க எண்ணுவோன் எதிரே நின்று தடுக்கும் பகைவனே. தட்டு மண்ணில் வீழுமாயின் அஃது எதிரணியின் உடைமையாகும். உடலோடு உடல் மோதுதல் குற்றம். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் கலந்து ஆடும் பிரிவும் இதன்கண் உண்டு. நம் நகரத்தில் அதுவே பெருவழக்கு.

இவையெல்லாம் பிற ஆட்டங்களிலும் ஓரளவு காணப்படுவனவே. இவ்வாட்டத்திற்கே உரிய வியப்பு வேறொன்று. இதற்கு நடுவர் இல்லை. உலகப் போட்டியிலும் ஆடுவோரே விதி நோக்குவர். தன்மேல் ஒருவன் மோதினான் என்று கருதுவோன் அவ்விடத்தே குரல் கொடுப்பான்; ஆட்டம் நிற்கும். மோதியவன் அதனை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். எறிந்த தட்டைப் பற்றுமிடத்து இவ்வாறு மறுப்பு நேர்ந்து, இருவரும் தத்தம் கருத்தில் நிற்பாராயின், தட்டு எறிந்தவன் கைக்கே மீளும். அவ்வெறிதல் நிகழாததாகவே கொள்ளப்படும். சடுகுடுவும் கிளித்தட்டும் ஆடி வளர்ந்த நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நடுவரின்றி ஆடுதல் புதிதன்று. பூசலின்றி ஆடுதலே புதிது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை என்னும் பெயருடையது. அப்பண்பைத் தராசுக்கும் வழக்கு மன்றத்திற்குமே உரியதாகக் கருதியிருந்த எனக்கு, கோட்டை மிதித்ததை எவரும் காணாதிருக்கவும், "என் கால் வெளியே பட்டுச்சு" என்று தட்டைக் கீழே வைத்த பதின்மூன்று வயதுச் சிறுமியைக் கண்ட அன்றுதான் அதன் பொருள் விளங்கிற்று.

இவ்வாட்டத்தின் வரலாறும் சிறுபொருளில் தொடங்கியதே. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்து பிரிஸ்பி என்னும் ரொட்டிக் கம்பெனியின் தகரத் தட்டுகளை மாணவர் எறிந்து விளையாடினர் என்பர். வால்டர் பிரெடெரிக் மாரிசன் என்பார் 1938இல் கலிபோர்னியக் கடற்கரையொன்றில் கேக்குத் தட்டை எறிந்து ஆடியபோது, ஐந்து சென்டுக்கு விற்கும் அத்தட்டிற்கு இருபத்தைந்து சென்டு தருவதாக ஒருவர் கேட்டனராம். அவர் வாணிகம் அங்ஙனம் முளைத்தது. பின்னர் பிளாஸ்டிக்கால் அவர் அமைத்த தட்டை 1957 முதல் வாம்-ஓ கம்பெனியார் விற்கலாயினர். அல்டிமேட் என்னும் ஆட்டம் 1968இல் நியூஜெர்சி மாகாணத்து மேப்பிள்வுட் நகரிலுள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவரால் வகுக்கப்பட்டது. வண்டிகள் நிறுத்தும் திடலே அவர்களுக்குக் களமாயிற்று. உலகப் பறக்கும் தட்டுச் சம்மேளனம் 1985இல் தோன்றியது. அனைத்துலக ஒலிம்பிக் குழு 2015இல் அதற்கு முழு ஏற்பு அளித்தது. எனினும் ஒலிம்பிக் போட்டியுள் இவ்வாட்டம் இன்னும் இடம்பெற்றிலது. இச்சிறு செய்தி பின்னர் நமக்கு வேண்டப்படும்.

அயல்நாட்டு ஆட்டம் ஒன்று சென்னை மண்ணில் வேரூன்றுதல் புதுமையன்று. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் இந்நகரில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். இன்று நந்தனத்தில் விளங்கும் அக்கல்லூரியே நம் நாட்டில் உடற்பயிற்சி ஆசிரியர்களை ஆக்குவதற்கு முன்னோடியாயிற்று. கூடைப்பந்தும் கைப்பந்தும் அச்சங்கத்தார் வழியே நம் பள்ளித் திடல்களுக்கு வந்தன. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பக் துரையவர்கள் பந்தை மட்டும் கொணர்ந்து ஈந்து சென்றாரல்லர். பந்தைக் கற்பிக்கும் ஆளை இந்நாட்டிலேயே ஆக்கினார். பந்து கிழிந்த பின்னும் ஆட்டம் நின்றதற்குக் காரணம் அதுவே.

அல்டிமேட் நம் நகரத்திற்கு இந்நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது. பெசன்ட் நகரில், பிறரைக் காக்கப் புகுந்து 1930இல் உயிர் துறந்த டேனிஷ்காரர் ஷ்மிட் என்பாரின் நினைவுச் சின்னம் நிற்கும் மணற்பரப்பே அதன் தாயகமாயிற்று. விடியற்காலையில் அங்குச் செல்வோர், கணினி நிறுவன ஊழியரும் கல்லூரி மாணவரும் அருகிலுள்ள குப்பத்து இளைஞரும் ஒரே வண்ண உடையணிந்து ஓடுதலைக் காணலாம். 'சென்னை ஹீட்' என்னும் கடற்கரைப் போட்டி பிற நகரத்து அணிகளையும் இங்கு ஈர்த்துள்ளது. 'ஃப்ளை வைல்டு' என்னும் சென்னை அணியைப் பற்றி பாரத் மிர்லே, மோகன் குமார் வலசாலா என்னும் இருவர் எடுத்த '175 கிராம்ஸ்' என்னும் குறும்படம் 2015இல் சன்டான்ஸ் நிறுவனத்தாரின் குறும்படப் போட்டியில் பரிசு பெற்றவற்றுள் ஒன்று. செல்வர் வீட்டுப் பிள்ளையும் வறியோர் வீட்டுப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், ஓர் அணியாக நிற்கும் காட்சியே அப்படத்தின் உயிர்.

இத்துணைச் சிறப்பும் செலவின்றி வருமோ எனின், வாராது. இவ்வாட்டத்தின் சங்கங்களும் பழைய ஆட்டக்காரரும் இளையோர் பயிற்சிக்கெனத் தட்டுகளையும் சிறு தொகைகளையும் வழங்கும் வழக்கமுடையர். பெருந்திடலும் உயர்ந்த கருவியும் வேண்டாத ஆட்டமாதலின், சிறுதொகையே போதும் என்பது பொதுவான எண்ணம். யானும் அவ்வாறே எண்ணினேன். எண்ணியதன் பயனையும் கண்டேன்.

எம் விடுதி மாணவர் அறுவர் சேர்ந்து, அடையாற்றை அடுத்ததொரு குடியிருப்பில் மாலைதோறும் இவ்வாட்டத்தைக் கற்பிக்க முற்பட்டோம். பழைய மாணவர் ஒருவர் 15,000 ரூபாய் உதவினார். அதனை யாம் செலவிட்ட வகையை மறையாது எழுதுகின்றேன். பெயர் பொறித்த பனியன் இருபத்தைந்திற்கு 5,500. தட்டு ஆறிற்கு 4,200. துணிப் பதாகைக்கு 800. தொடக்க நாள் சிற்றுண்டிக்கு 2,500. எஞ்சியது 2,000. பனியனும் பதாகையும் புகைப்படத்தில் மிக அழகாக விளங்கின. இருபத்துமூன்று பிள்ளைகள் வந்தனர். அவருள் ஒன்பதின்மர் பெண்கள். தை கழிந்தது, மாசி கழிந்தது, தேர்வு வந்தது. யாம் அவரவர் ஊர்க்குச் சென்றோம். சூன் திங்களில் மீண்டு வந்து பார்க்குங்கால் தட்டுகளுள் நான்கே இருந்தன. பையன்கள் எழுவர் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தனர். பெண்களுள் ஒருவரும் இலர்.

காரணம் அறிய, மீன் விற்றுவரும் தாய் ஒருவரிடம் சென்றேன். அவர் கூடையை இறக்கி வைத்து, சினமின்றியே கூறினார்: "பனியன் குடுத்தீங்க தம்பி, சரி. இருட்டினப்புறம் பொண்ணைக் கொண்டாந்து விட ஆள் குடுத்தீங்களா?"

அதற்கு யான் விடை கூறிலேன். கையில் அன்று எஞ்சியிருந்த இரண்டாயிரமும் அவ்வாளுக்கு உரியதென்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

அன்றிரவு விடுதி அறையில் ஒரு கணக்கு இட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் இருபதின்மர்; வாரம் இருநாள்; ஆண்டிற்கு நாற்பது வாரம். ஆடும் நாள் 80. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாழைப்பழமோ ஒரு பிடி சுண்டலோ வேண்டுமெனின் அவை 1,600. தட்டோ ஆறு போதும். மணலில் ஆடுந்தட்டு எளிதில் உடைவதன்று. ஆகவே கண்ணுக்குத் தோன்றும் கருவி செலவிற் சிறியது. கண்ணுக்குத் தோன்றாத பழமும் சுண்டலும் பெரியன. அவற்றினும் பெரியது, எண்பது நாளும் தவறாது வந்து நிற்கும் ஆள். எம் நன்கொடைக் கணக்கில் அவ்வாளின் பெயர்க்கு ஒரு வரியும் இல்லை. தொண்டு என்பது ஊதியமின்றிச் செய்வதென்றும், அதற்குப் பணம் கேட்டல் இழிவென்றும் எண்ணிவிட்டோம். தேர்வு வந்தால் ஊர் செல்லும் மாணவன் ஊதியமின்றித் தொண்டு செய்யலாம். குடியிருப்பிலேயே வாழ்ந்து, பகலில் வேலைக்குச் சென்று, மாலையில் பிள்ளைகளைத் திரட்டும் இளைஞன் எங்ஙனம் செய்வான்?

போக்குவரவுச் செலவைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் 2021 மே திங்கள் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம். பள்ளி மாணவர்க்கும் இலவசச் சீட்டு உண்டு. ஆதலின் டிக்கெட்டுப் பணம் இன்று பெருந்தடையன்று. எனினும் நகரின் நடுவே ஆற்றோரங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல கண்ணகி நகர்க்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் குடிபெயர்க்கப்பட்டுள்ளன. அங்கிருந்து பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வந்து மீளும் சிறுமிக்குப் பேருந்து இலவசமாயினும் இருள் இலவசமாயே வருகின்றது. துணை வேண்டும், இன்றேல், அவர்கள் வாழுமிடத்திலேயே ஆடுகளம் வேண்டும். பின்னதே சாலச் சிறந்தது என்பது என் துணிபு. ஆட்டம் பிள்ளைகளிடம் செல்லலாம். பிள்ளைகள் ஆட்டத்தைத் தேடி நகரைக் கடத்தல் வேண்டாம்.

இனிப் பணம் வரும் வழியை நோக்குவோம். இவ்வாட்டத்தின் அன்பர் பலர் அயல்நாட்டினர். அவர் விரும்பினும் தம் பணத்தை நேரே ஒரு கடற்கரை அணிக்கு அனுப்புதல் இயலாது. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 என்பதன்படி, பதிவு பெற்றோ முன் இசைவு பெற்றோ உள்ள அமைப்பே அத்தகைய பணத்தைப் பெறலாம். 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அப்பணம் முதற்கண் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே வந்து சேர்தல் வேண்டும். பெற்ற அமைப்பு அதனைப் பிறிதோர் அமைப்பிற்குப் பகிர்ந்தளித்தலும் கூடாது. பெரிய அமைப்பொன்று பெற்றுச் சிறு குழுக்களுக்கு ஈதல் என்னும் பழைய வழி இதனால் அடைபட்டது. சட்டத்தின் நோக்கத்தைப் பற்றி யான் வழக்குரைக்க வந்தேனல்லேன். சிறுதொகைக்கு அதன் சுமை பெரிது என்பது மட்டும் வெளிப்படை.

உள்நாட்டுக் கம்பெனிகள் உளவே எனின், உள. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்து 135ஆம் பிரிவு, குறித்த அளவிற்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிடுமாறு பணிக்கின்றது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டும் உண்டு. ஆயின் நாட்டுப்புற விளையாட்டு, தேசிய ஏற்புப் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாரா ஒலிம்பிக் விளையாட்டு என்றே அது வகுத்துரைக்கின்றது. ஒலிம்பிக்குள் இன்னும் நுழையாத தட்டாட்டத்தார் கல்வி என்னும் வேறு வாயிலைத் தட்ட வேண்டியவராகின்றனர். அன்றியும், பெருங்கம்பெனி ஆயிரம் பிள்ளைகளைக் கேட்கும். இருபது பிள்ளைகளுக்கு விண்ணப்பத் தாள் எழுதுவதே மிகையாகும். ஆகலின் அருகிலுள்ள ஒருவர் அருகிலுள்ள ஒரு குழுவிற்கு ஈயும் சிறு நன்கொடை இன்றும் வேண்டப்படுவதே. அது சிறியதாதல் குறையன்று. ஒருமுறையே வந்து நின்றுவிடுதல்தான் குறை. ஒரே தவணையில் 15,000 ஈதலினும், திங்கள்தோறும் 1,250 வீதம் ஓராண்டு ஈதல் எத்துணையோ மேல். தொகை ஒன்றே, ஆயின் பின்னதைக் கொண்டு பனியன் வாங்கத் தோன்றாது, ஆளை அமர்த்தவே தோன்றும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஈகை வறியார்க்குக் கொடுத்தல். ஒப்புரவு உலக நடையறிந்து யாவர்க்கும் பயன்படச் செய்தல். இவற்றுள் எம் நன்கொடை எதன்பாற்படும்? யாம் ஈகை என்று கருதியே செய்தோம். அதனால்தான் பெறுவோரைக் கேளாமலே வாங்கினோம். ஒப்புரவெனக் கருதியிருப்பின், முதலில் அத்தாயைக் கண்டு பேசியிருப்போம்.

இதற்கு மாற்று யாதென எண்ணியபோது அவ்வாட்டமே வழி காட்டிற்று. போட்டி முடிந்தபின் இரு அணியாரும் கலந்து தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று, நிகழ்ந்தவற்றைப் பேசுவர். பின்னர் ஒவ்வோர் அணியும் எதிரணியின் ஆட்டப் பண்பிற்கு மதிப்பெண் இடும். விதியறிவு, உடல் மோதல் தவிர்த்தல், நடுவுநிலை, நன்மனப்பாங்கும் தன்னடக்கமும், பேச்சுப் பரிமாற்றம் என அதற்குத் தலைப்பு ஐந்து, ஒவ்வொன்றிற்கும் சுழி முதல் நான்கு வரை, முழுமை இருபது. நல்ல இயல்பான ஆட்டத்திற்குத் தலைப்பிற்கு இரண்டு கிடைக்கும். வென்றவன் தோற்றவனை மட்டும் மதிப்பதன்று. தோற்றவனும் வென்றவனை மதிப்பிடுகின்றான். நன்கொடை உலகிலோ, ஈபவர் கேட்கப் பெற்றவர் அறிக்கை எழுதுதலே வழக்கம். பெற்றவர் ஈந்தவர்க்கு மதிப்பெண் இட்டதை யான் கேட்டறிந்திலேன்.

ஆதலின் அத்தாளையே எடுத்து, கொடுத்த எம்மை மதிப்பிடுமாறு பிள்ளைகளிடம் தந்தோம். விதியறிவு என்னுமிடத்து, "இவ்விடத்து நடைமுறையைக் கேட்டறிந்தார்களா?" என்றும், மோதல் என்னுமிடத்து, "உம் மனம் புண்படப் புகைப்படம் எடுத்தார்களா?" என்றும் மாற்றி எழுதினோம். நடுவுநிலைக்கு, "கருத்து வேறுபட்டபோது உம் சொல் ஏற்கப்பட்டதா?" என்பது வினா. தன்னடக்கத்திற்குரிய வினாவைச் சிறுவன் ஒருவன் தானே எழுதினான்: "பனியனில் அவங்க பேர் எவ்வளவு பெரிசு?"

இவ்வாண்டு அப்பழைய மாணவர் திங்கள்தோறும் தர இசைந்துள்ளார். குடியிருப்பிலேயே வாழும் பத்தொன்பது வயது நங்கை ஒருவர் ஊதியம் பெற்றுப் பயிற்சி அளிக்கின்றார். ஆட்டம் ஐந்தரை மணிக்கு முடிகின்றது. பெண் பிள்ளைகள் அவரோடு ஒருங்கே வீடு திரும்புகின்றனர். ஒன்பதின்மருள் ஐவர் மீண்டு வந்துள்ளனர், நால்வர் வந்திலர். தட்டுகள் நான்கே, புதியன வாங்கவில்லை.

சென்ற ஆண்டிற்கு எமக்குக் கிடைத்த மதிப்பெண் இருபதிற்குப் பதினொன்று. மிகக் குறைந்தது பேச்சுப் பரிமாற்றத்திற்கு; அதற்கு ஒன்றே இட்டிருந்தனர். அதன் எதிரே பென்சிலால் ஒரு குறிப்பு: "ஏப்ரல்ல வர மாட்டோம்னு மார்ச்லயே சொல்லியிருக்கலாம். நாங்க ரெண்டு வாரம் வந்து நின்னோம்."